ராசிக்காரர்

அத்தியாயம் 9

"நான் வரல," என்றாள் மார்லிஸ்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. லைல் பிரஸ்கி நாரை படம் போட்ட மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியோடு சமையலறை வாசலில் தயாராக நின்றார். அவர் மனைவி வீட்டுச் செருப்போடு வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாணலி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"விளையாடாதே. இன்னிக்குக் கடைசி ஆட்டம்."

"தெரியும்."

"நீ பக்கத்துல இல்லேன்னா நான் என்ன பண்றது?"

"கொரீன்கிட்ட சொல்லு. அவகிட்ட சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

லைல் காத்திருந்தார். அவள் திரும்பவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இந்த மூன்று வாரத்தில் அவள் இதே பேச்சை ஐந்தாறு முறை எடுத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் நாளை என்று தள்ளிப்போட்டார்.

எல்லாம் ஜூலையில் தொடங்கியது. அதுவரை கெஸ்லர் பாயின்ட் ஊரின் பேஸ்பால் அணி பட்டியலில் கடைசியில் கிடந்தது. அணியின் பெயர் ஹெரன்ஸ். ஊர்க்காரர்களுக்கு வெறும் நாரைகள். ஒரு மழை நாள், மகள் கொரீன் நடத்தும் பீர்க்கடையில் வேறு இடம் ஈரமாக இருந்ததால் லைல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொரீன் புதிதாகக் காய்ச்சிய பீரின் முதல் கோப்பையை அவர் முன் வைத்தாள். ஏழு ரன் பின்தங்கியிருந்த நாரைகள் அன்று ஜெயித்தார்கள்.

மறுநாளும் ஜெயித்தார்கள். அதற்கு மறுநாளும். நடுவில் ஒரே ஒரு நாள் லைல் பல் பிடுங்கப் போனார். அன்று தோற்றார்கள். அதோடு முடிந்தது அவர் சுதந்திரம். அந்த நாற்காலியை வேறு யாரும் தொடக் கூடாது, அந்த பீரைத் தவிர வேறு எதுவும் அவர் குடிக்கக் கூடாது என்று ஊரே கூடித் தீர்மானித்துவிட்டது. உள்ளூர் டிவிக்காரர்கள் வந்தார்கள். கொரீன் அந்த பீருக்கு 'லைல்' என்றே பெயர் வைத்து, டப்பாவில் அவர் முகத்தையும் வரைந்து போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஈரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது.

கார் நிறுத்துமிடத்திலேயே லைல் மனைவியிடம் கேட்டுக்கொண்டார். கொரீனுக்குத் தெரிய வேண்டாம். கல்யாணம் முறிந்து, முப்பத்து மூன்று வயதில் இரண்டு பெட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்தவள் அவள். ஜூன் மாதம் வரை சாயங்காலம் ஆறு மணிக்கே நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தவள். இப்போது அவள் கடையில் நிற்க இடமில்லை. அப்பாவுக்குத் தன் கையால் விஷம் ஊற்றுகிறோம் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்?

மார்லிஸிடம் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. முப்பத்தோரு வருஷம் லைல் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஊரில் எல்லார் வீட்டிலும் மீட்டர் இருக்கும் கீழறை அவருக்குத் தெரியும். அவர் முகம் யாருக்கும் தெரியாது. இப்போது சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துக் காரிலிருந்து கையை ஆட்டுகிறார்கள். அதை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

ஆக, வழி கண்டுபிடித்தவள் மார்லிஸ்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சாறு வாங்கிக்கொள்வாள். இரண்டும் ஒரே செம்பு நிறம். எல்லாரும் திரையைப் பார்க்கும் சமயம் கோப்பைகள் இடம் மாறும். அவர் சாற்றைக் குடிப்பார், அவள் பீரைக் குடிப்பாள். முப்பத்தெட்டு வருஷமாக "குதிரை லாயத்து நாத்தம்" என்று பீர்ப் பக்கமே வராதவள், முதல் வாரம் மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது வாரம், இன்றைக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று அவளே சொன்னாள். லைலுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் தனக்குப் பிடித்த ஒன்று அவளுக்கும் பிடித்துவிட்டதே என்று.

வாசலில் டுவேனின் வண்டி ஹாரன் அடித்தது. தண்ணீர் இலாகாவில் லைலோடு வேலை பார்த்தவன், நாற்பது வருஷச் சிநேகிதன்.

"மார்லிஸ், இன்னிக்கு ஒரு நாள்."

"போ, லைல். ஊரே வந்து உன்னத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள நீயே போயிடு."

அவர் போனார். அவள் கடைசி வரை முகத்தைக் காட்டவில்லை.

---

கொரீனின் கடை முன்பு தீயணைப்பு நிலையமாக இருந்த கட்டடம். வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது ஆறு எஃகுக் கொப்பரைகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்றன. அதற்கு முன்னால் இருநூறு பேர், எல்லாரும் மஞ்சளில். சாசேஜ் சுடும் புகையும் முளைகட்டிய பார்லி வேகும் வாசனையும் கலந்து அடித்தது. ஆட்டம் நடப்பது டுபியூக் நகரத்தில், நாலு மணி நேரப் பயணம். ஆனாலும் லைல் உள்ளே நுழைந்தபோது எழுந்த கூச்சல் அங்கேயே கேட்டிருக்கும்.

கூட்டம் பிளந்து வழி விட்டது. அவர் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டது.

கொரீன் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, நுரை ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றி அவர் முன் வைத்தாள். அவள் கண்கள் மின்னின. அம்மா எங்கே என்று கேட்டாள். தலைவலி என்றார் லைல். அவள் இன்னும் என்னவோ சொல்ல வந்தாள், அதற்குள் வேறு யாரோ கூப்பிட்டார்கள்.

சடங்கு இதுதான். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் நாரைகளின் பந்து எறிபவர் மேட்டில் ஏறி நின்றதும் டுவேன் கையைத் தூக்குவான். கடை அமைதியாகும். லைல் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். பிறகுதான் யாரும் மூச்சு விடுவார்கள்.

முதல் இன்னிங்ஸில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். இரண்டாவதிலும் அப்படியே செய்தார். நுரை மீசையில் ஒட்டியது. கோப்பை அப்படியே நின்றது.

டுவேன் குனிந்து கோப்பையைப் பார்த்தான். "என்னடா, நுரைய நக்கிக்கிட்டு இருக்க?"

"மெதுவா குடிக்கிறேன்."

"இவ்வளவு நாள் மெதுவாவா குடிச்ச? டுபியூக்காரன் ரெண்டு ரன் அடிச்சுட்டான், பாத்துக்க."

அவன் குரலில் விளையாட்டு இல்லை. பக்கத்திலிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிவிக்காரனின் கேமரா மேஜைக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில், லைலின் மூஞ்சிக்கு நேராக நின்றது.

மூன்றாவது இன்னிங்ஸில் டுவேன் கையைத் தூக்கினான். கடை அடங்கியது. லைல் கோப்பையை எடுத்தார். குடித்தார்.

இருபத்து மூன்று நாளைக்குப் பிறகு. முதலில் குளிர்ச்சி. பிறகு சுட்ட ரொட்டியின் ஓரம் மாதிரி ஒரு கருகல் ருசி, அதன் பின்னாலேயே ஆரஞ்சுத் தோல், கடைசியில் நாக்கின் அடியில் தங்கிவிடும் அந்த மெல்லிய கசப்பு. மகள் எத்தனை கெட்டிக்காரி என்று நினைத்தார். இந்தக் கசப்பு வருவதற்காக அவள் பதினோரு முறை காய்ச்சிக் கொட்டினாள். ஒரு மடக்கோடு நிறுத்த வேண்டியவர் மூன்று மடக்குக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

அந்த இன்னிங்ஸில் டுபியூக் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வரிசையாக அவுட், ஒரு ரன்கூட இல்லை. கடை கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. டுவேன் அவர் முதுகில் ஓங்கி அறைந்தான். "பாத்தியா? குடிச்ச, நடந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை விட்டு அசைய முடியவில்லை. கழிப்பறைக்குப் போகக் கேட்டார். இன்னிங்ஸ் முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் டுவேன் கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றான். உள்ளேயிருந்து லைல் வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மார்லிஸ் எடுக்கவில்லை.

நாலாவது இன்னிங்ஸில் குடித்தார். ஐந்தாவதிலும் குடித்தார். நாரைகள் இரண்டு ரன் எடுத்தார்கள், டுபியூக் இன்னும் இரண்டு எடுத்தது. நாலுக்கு இரண்டு. ஆறாவது இன்னிங்ஸில் கோப்பை காலியானது. கொரீன் கேட்காமலே இன்னொன்றை வைத்தாள்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், எல்லாரும் எழுந்து கை காலை நீட்டும் நேரம், கொரீன் பழைய தீயணைப்பு மணியை அடித்தாள். அவள் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி நின்றாள். பிரெண்டா ஸ்வோபோடா, மில்வாக்கியில் பெரிய பீர் விநியோக நிறுவனம் ஒன்றிலிருந்து கூட்டத்தைப் பார்க்க வந்தவள்.

கொரீன் பேசும்போது குரல் தழுதழுத்தது. வரும் கோடையிலிருந்து 'லைல்' மாநிலம் முழுக்க எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்றாள். அப்பா ஊர் ஊராக, மைதானம் மைதானமாக வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரோடும் ஒரு கோப்பை குடிப்பார் என்றாள். மொத்தம் முப்பது ஊர்.

கூட்டம் அவர் பெயரைச் சொல்லி மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. லைல். லைல். லைல். கேமரா கிட்டே வந்தது. லைல் சிரித்தார். முப்பது ஊர். இந்த ஒரு நாற்காலியிலிருந்தே இறங்கத் தெரியவில்லை.

கொரீன் மேஜைமேல் குனிந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், விடவில்லை. இத்தனை சத்தத்தில் அவள் காதைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் கேட்காது. இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிமேல் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியது.

"கொரீன், நான் குடிக்கக் கூடாது."

"என்னப்பா?"

"ஈரல். டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு சொட்டுகூட ஆகாது."

அவள் நிமிரப் பார்த்தாள். அவர் பிடியை இறுக்கினார்.

"கேமரா இருக்கு," என்றார்.

அவள் சிரிப்பை மாற்றாமல், கன்னத்தோடு கன்னம் வைத்தபடியே கேட்டாள். "எப்போ சொன்னாரு?"

"இருபத்திமூணு நாள் ஆச்சு."

"இருபத்திமூணு நாளா நான் உனக்கு ஊத்திக்கிட்டு இருக்கேன்."

"ஊத்தின. நான் குடிக்கல. உங்கம்மா மாத்தி மாத்திக் குடிச்சா. இன்னிக்குத்தான் அவ வரல. இன்னிக்கு மட்டும் குடிச்சேன்."

அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். "அம்மாவா? பீரா?" என்றாள் மூச்சு வாங்க. பிறகு, "ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"உன் கடை இப்பத்தான் நிமிர்ந்துச்சு."

"உன் ஈரல்மேல நிமிர்த்தி வெக்கவா?"

லைல் அவள் மணிக்கட்டை விட்டார்.

கொரீன் நிமிர்ந்தாள். ஸ்வோபோடாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அப்பா முன்னால் இருந்த நிறைந்த கோப்பையை எடுத்து, இருநூறு பேர் பார்க்க, கடைசிச் சொட்டு வரை தானே குடித்துக் கவிழ்த்து வைத்தாள். கடை சட்டென்று அமைதியானது.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போறாரு," என்றாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன், உட்கார்ந்திருந்தால் மட்டும் போதும், குடிக்க வேண்டாம் என்றான். இன்னொருத்தி, இப்போது எழுந்தால் இத்தனை நாள் இருந்ததற்கு அர்த்தம் என்ன என்று கேட்டாள். லைல் நாற்காலியிலிருந்து இறங்கினார். கால் மரத்துப் போயிருந்தது. பின்பக்க வழியில் டுவேன் நின்றான்.

"டுவேன், நகரு. எனக்கு ஈரல் போச்சுடா."

டுவேன் அவரைப் பார்த்தான். அவன் முகம் கோணியது. ஆனால் கண் ஒரு நொடி திரைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"இன்னும் ரெண்டே இன்னிங்ஸ்தானேடா," என்றான். கெஞ்சுகிற குரல்.

நாற்பது வருஷத்தில் லைல் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. கொரீன் பின்னாலிருந்து, "டுவேன் மாமா, வழிய விடு," என்று அதட்டினாள். அவன் விலகினான். விலகிய பிறகும் லைலின் முகத்தைப் பார்க்கவில்லை.

---

வீடு இரண்டு மைல். லைல் நடந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே வர்ணனையாளரின் குரல் வந்ததால், ஆட்டம் அவரோடு வீடு வீடாக நடந்து வந்தது.

எட்டாவது இன்னிங்ஸ். ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் முன்பின் தெரியாத இருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாரைகளில் ஒருவன் அடித்த பந்து சுவரில் போய் மோதியது. ஒரு ரன். பிறகு இன்னும் இரண்டு. ஐந்துக்கு நாலு. இருவரும் எழுந்து கட்டிக்கொண்டு குதித்தார்கள். லைல் வேலி ஓரமாக நின்று பார்த்தார்.

அவர் நாற்காலியில் இல்லை. கோப்பையும் இல்லை. ஆனாலும் அடித்துவிட்டார்கள்.

நெஞ்சிலிருந்து பெரிய பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. இறங்கிய இடத்தில் ஏதோ கொஞ்சம் வலித்தது. தான் இல்லாமலே ஆகிவிட்டதே என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டார். நடையை எட்டிப் போட்டார். கொரீனிடம் சொல்லிவிட்டதை மார்லிஸிடம் சொல்ல வேண்டும். இன்றோடு இந்தக் கண்ணாமூச்சி முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர் தெருமுனையில் திரும்பும்போது ஊரே ஒரு சேரக் கத்தியது. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி அவுட், ஆட்டம் முடிந்தது. முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு நாரைகளுக்கு வெற்றிக் கோப்பை. எங்கெங்கோ கார் ஹாரன்கள் முழங்கின.

அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

மார்லிஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ அணைந்திருந்தது. அவள் முன்னால் நாலு டப்பாக்கள். நாலிலும் லைலின் முகம் சிரித்தது. மூன்று கவிழ்ந்து கிடந்தன. ஒன்று அவள் கையில் இருந்தது.

"சொல்லிட்டியா?" என்று கேட்டாள். வார்த்தை கொஞ்சம் குழறியது.

"சொல்லிட்டேன். மார்லிஸ், இது என்ன?"

"நான் உன் மேல கோவப்பட்டு வராம இருந்தேன்னு நினைச்சியா?" அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள், மெதுவாக, சத்தம் வராமல். "பக்கத்துல உக்காந்தா கை தானா போயிடும்னு பயந்து வரல. நீ வண்டியேறி பத்து நிமிஷம்கூட ஆகல. கீழறைக்குப் போயி எடுத்துட்டு வந்துட்டேன்."

லைல் எதிரே உட்கார்ந்தார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். புதன்கிழமை ஆட்டம் பகலில் நடந்தது. அன்று வழக்கம்போல அவருடைய இரண்டு கோப்பையையும் அவள் குடித்தாள். குடித்துவிட்டு, இரண்டரை மணிக்குப் பள்ளி பஸ் ஓட்டப் போனாள். பதினாறு வருஷமாக ஓட்டுகிற பஸ். சாவியைப் போட்டாள். கண்ணாடியில் பின்னால் இருந்த காலி இருக்கைகளைப் பார்த்தாள். நாற்பத்தோரு குழந்தைகள் உட்கார வேண்டிய இருக்கைகள். சாவியைத் திருப்ப முடியாமல் அப்படியே இருந்தாள். டெப்போ மேற்பார்வையாளர் ரெனாட்டா வந்து கதவைத் திறந்தாள், வாடையைப் பிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு, தானே பஸ்ஸை எடுத்துப் போனாள்.

"அப்ப வியாழன், வெள்ளி? காலைல வேலைக்குன்னு கிளம்பிப் போனியே?"

"ஏரிக்கரையில கார்ல உக்காந்திருந்தேன். நீ சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் குடுத்தியே, அத சாப்ட்டுட்டுத் திரும்பி வந்தேன்."

லைல் எட்டி அவள் கையைப் பிடித்தார். டப்பாவின் ஈரம் இருந்தது அதில். ஆரஞ்சுத் தோல் வாசனை என்று அவள் சொன்ன நாள் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது ஊர். இவளைப் பக்கத்தில் உட்கார வைத்தது அவர்.

ஹாரன் சத்தம் கிட்டே வந்தது. ஒரு கார் இல்லை, பத்துப் பதினைந்து. தெரு முழுக்கக் கார் கதவுகள் அறைந்து சாத்தும் சத்தம். முன் வாசலில் காலடிகள். டிவிக்காரனின் விளக்கு ஜன்னல் திரையை வெளுக்க அடித்தது. லைல், வெளிய வா, என்று டுவேனின் குரல். உடம்பு எப்படி இருந்தாலும் ஒரு நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் போ என்றான். அவனுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"திறக்காதே," என்றாள் மார்லிஸ். "என்னால எந்திரிச்சு நிக்க முடியும்னு தோணல."

அவர் டப்பாக்களைக் கை நிறைய அள்ளினார். குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் என்றே மறந்துபோய் நின்றார். அதற்குள் பின்கதவு திறந்தது. கொரீனிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு.

அவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்பும். அப்பாவைத் தாண்டி நேராக அம்மாவிடம் போனாள். கடையிலிருந்து வழியெல்லாம் சிந்தாமல் கொண்டுவந்த ஒரு கோப்பையை, நுரை ததும்ப, மேஜையில் மார்லிஸின் முன்னால் வைத்தாள்.

"இது உனக்கும்மா," என்றாள். "இவ்வளவு நாள் அப்பாவுக்காக மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சியே. இன்னிக்கு உனக்காக ஒண்ணு குடி."

மார்லிஸ் கோப்பையைப் பார்த்தாள். நுரை மெல்ல அமர்ந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"அதக் கொட்டிடு, கொரீன்."

"ஏம்மா?"

கொரீன் அப்போதுதான் அப்பாவின் கையில் இருந்த டப்பாக்களைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. லைல் வாயைத் திறந்தார். மார்லிஸ் தலையை அசைத்தாள்.

"நீ வாசலுக்குப் போ, லைல். இத நான்தான் சொல்லணும்." பிறகு மகளைப் பார்த்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "உக்காரு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரெனாட்டா என்னை வரச் சொல்லியிருக்கா. லைசென்ஸ எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா."

லைல் டப்பாக்களை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார். முன்கதவின் குமிழில் கை வைத்தார். வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், பாட்டின் தாளத்துக்கு. அவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.